ஏசி வாங்குவது கடைசி வேலை: வேலூர் வீட்டுக்கு ஸ்பிலிட் ஏசி பொருத்தப் போகிறவர்களுக்கு

2025 ஏப்ரலில் என் மாமியார் முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். வேலப்பாடியில் எங்களுடையது மாமனார் காலத்து வீடு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, ஒன்றரை அடிச் சுவர். பகலெல்லாம் வெயில் குடித்த கூரை இரவு பதினொரு மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். கட்டுப் போட்ட காலோடு அத்தை புரண்டு புரண்டு படுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரே மாலையில் கடைக்குப் போய் ஏசி வாங்கிவிட்டோம்.

அந்தப் பெட்டி ஒன்பது நாள் கூடத்தில் பிரிக்கப்படாமல் கிடந்தது. வீட்டு ஒயர் தாங்காது என்றார்கள். மின் இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்தது. ஒருவழியாகப் பொருத்திய பிறகு சுவர் ஈரம் கோத்தது. மூன்றே வாரத்தில் குளிர் நின்றுபோனது. இயந்திரத்தின் விலை 39,500 ரூபாய். மற்ற செலவுகள் 22,150 ரூபாய். அந்த 22,150இல் 5,600 ரூபாய் முழுக்க முழுக்க அவசரத்துக்குக் கொடுத்த விலை. உங்களுக்கு அந்தச் செலவு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உங்கள் வீட்டுக்கு ஸ்பிலிட் ஏசிதான் சரியா?

பெரும்பாலும் சரி. ஆனால் காரணம் தெரிந்து வாங்குங்கள்.

ஏர் கூலர் மே மாத வறண்ட வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதற்கு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில் இது பெரிய சுமை. ஆகஸ்டு, செப்டம்பரில் காற்றில் ஈரப்பதம் ஏறியதும் அது வெறும் மின்விசிறியாகிவிடும். ஜன்னல் ஏசி விலை குறைவு. ஆனால் கம்பி போட்ட பழைய மர ஜன்னலை அறுக்க வேண்டும். கம்ப்ரஸரும் தலைமாட்டிலேயே உறுமும். கூரைக்குள் குழாய் ஓட்டி வீடு முழுவதையும் குளிர்விக்கும் டக்ட் ஏசிக்குப் பொய்க்கூரை வேண்டும். தேக்கு உத்தரம் போட்ட கூரையின் கீழே அதை அமைப்பது வீட்டையே கெடுப்பதற்குச் சமம். தவிர, ஆள் இல்லாத அறைக்கும் அதில் குளிர் போகும்.

ஸ்பிலிட் ஏசிக்குச் சுவரில் மூன்று அங்குல ஓட்டை ஒன்று போதும். கம்ப்ரஸர் வெளியே இருப்பதால் அறையில் சத்தம் இல்லை. எந்த அறையில் ஆள் இருக்கிறாரோ அந்த அறைக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அத்தையின் அறை ஒன்றுக்குத்தான் குளிர் தேவைப்பட்டது. செலவும் அந்த ஒரு அறையோடு நின்றது. இதன் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

ஒரே வெளி யூனிட்டில் இரண்டு, மூன்று உள் யூனிட்டுகளை இணைக்கும் வகையும் உண்டு. வெளியே இடமே இல்லாத அடுக்குமாடிக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: வெளி யூனிட் பழுதானால் எல்லா அறையும் ஒன்றாக நின்றுவிடும்.

2. கடைக்குப் போகும் முன் மின்கட்டண ரசீதுகளை எடுங்கள்

சென்ற ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் எடுத்து, யூனிட் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. நான் பொருத்திய 2025 கோடையில் இருந்த கட்டண முறையில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் என்பது ஒரு மதில். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை பாதி விலையில் கிடைத்துவந்த யூனிட்டுகளும் முழு விலைக்குப் போய்விடும். 500க்கும் 501க்கும் இடையே 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 501இலிருந்து 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல்.

இனி ஏசியின் கணக்கு. பெட்டியில் ஒட்டியிருக்கும், மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர வில்லையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அந்த எண்ணை 1,600ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் செலவு கிடைக்கும். நான் பார்த்த ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர ஏசி ஒன்றில் 780 என்று இருந்தது. மணிக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தினம் எட்டு மணி நேரம், 60 நாள் என்றால் ஏறத்தாழ 234 யூனிட். மூன்று நட்சத்திர ஏசியில் 1,050 என்று இருந்தது. அதே பயன்பாட்டுக்கு 315 யூனிட்.

ஏசி இல்லாமலே 300 யூனிட் ஓடும் வீடு எங்களுடையது. ஐந்து நட்சத்திரமே 534க்குக் கொண்டுபோகும் என்று இந்தக் கணக்கு முன்பே சொல்லியிருக்கும். நான்தான் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு வகைக்கும் இடையே கட்டணக் காலத்துக்கு 81 யூனிட் வித்தியாசம். எட்டரை ரூபாய் என்று வைத்தாலும் 700 ரூபாய்க்குக் கிட்டே. வேலூரில் மார்ச்சில் தொடங்கினால் செப்டம்பர் வரை ஏசி ஓடும். ஆகவே விலையில் ஏழெட்டாயிரம் கூடுதலாக இருந்தாலும், இரவு முழுக்கப் போடுகிறவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் மூன்று நான்கு ஆண்டில் ஈடுகட்டிவிடும். ஞாயிறு மதியம் மட்டும் போடுகிறவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும்.

3. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

ரசீதில் உள்ள பெயரைப் பாருங்கள். அவர் உயிரோடு இல்லை என்றால், பெயர் மாற்றத்தை முதல் வேலையாகத் தொடங்குங்கள். கூடுதல் மின்பளு (ஒரே நேரத்தில் இழுக்க அனுமதிக்கப்பட்ட மின்சார அளவு) கேட்கும் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் தடையில்லாமல் நகரும். நாங்கள் சேர்த்துக் கொடுத்தவை: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நடப்பு ஆண்டின் சொத்து வரி ரசீது, விண்ணப்பதாரரின் ஆதார், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். என் கணவரின் தங்கை குடியாத்தத்தில் இருக்கிறார். அவருடைய ஒரு கையெழுத்துக்காக நான்கு நாள் போனது. எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பளு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கும். கெய்சர் 2 கிலோவாட், இஸ்திரிப்பெட்டி 1, ஒரு குதிரைத்திறன் மோட்டார் முக்கால். எல்லாம் சேர்ந்தால் ஐந்தைத் தாண்டுகிறது. பழைய ஒருமுனை இணைப்புகள் இதை நினைத்து வாங்கப்பட்டவை அல்ல. உங்கள் பகுதியின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு, கூட்டினால் மும்முனை இணைப்பு தேவைப்படுமா என்று உதவிப் பொறியாளரிடம் நேரில் கேளுங்கள். வைப்புத்தொகை, மேம்பாட்டுக் கட்டணம் எல்லாம் பளுவைப் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். கட்டணத்துக்கும் இணைய ரசீது கிடைக்கும். யார் கையிலும் பணமாகக் கொடுக்க வேண்டியதில்லை. பளுவைக் கூட்டினால் மாதாமாதம் நிலைக்கட்டணம் ஏறிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணம் 2022இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சுவரில் கை வைக்காதீர்கள். ஓட்டை போட, ஒயர் இழுக்க, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக என மூன்றுக்கும் சேர்த்து ஒரே கடிதமாக வாங்குங்கள்.

4. ஒயரும் எர்த்தும்

எங்கள் வயர்மேன் மெயின் போர்டைத் திறந்து பார்த்ததும் சொன்னார்: "அக்கா, இந்த அறைக்கு வருகிற ஒயர் டியூப் லைட்டுக்குப் போட்டது. இதில் ஏசி மாட்டினால் சுவருக்குள்ளேயே உருகும்."

ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பளு மீறினால் தானே துண்டிக்கும் தனி எம்சிபி சுவிட்ச், அதோடு கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. 'இரண்டரையே போதும்' என்று சிலர் சொல்வார்கள். தூரம் குறைவான ஒரு டன்னுக்கு அது சரியாக இருக்கலாம். எங்களுக்கு 18 மீட்டர். ஒயர், எம்சிபி, கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் ஆனது.

எர்த் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அடியில் பாறை, மேலே காய்ந்த மண். பழைய எர்த் குழி கோடையில் சுண்டிப்போய்ப் பெயருக்குத்தான் இருக்கும். வயர்மேனிடம் சொல்லி ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அளவுக்குப் பக்கத்தில் அது வர வேண்டும். எங்கள் வீட்டில் வரவில்லை. புதிய குழிக்கு 3,500 ரூபாய். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நடக்க முடியாத ஒருவர் படுத்திருக்கும் அறை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

தெருக்கோடி வீடுகளில் மாலையில் வோல்டேஜ் இறங்கும். புது இன்வெர்ட்டர் ஏசிகள் (தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவை) ஸ்டெபிலைசர் இல்லாமலே ஓடும் என்பது ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் வரம்புக்குள் மட்டும்தான். அந்த வரம்பு கையேட்டில் இருக்கும். இரவு எட்டு மணிக்கு உங்கள் பிளக்கில் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் 3,000 ரூபாய்க்கு ஸ்டெபிலைசர் வாங்கினோம்.

5. எத்தனை டன்?

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன், எடை அல்ல. 120 சதுர அடி வரை ஒரு டன், 180 வரை ஒன்றரை என்பது கடைக்காரர் கணக்கு. வேலூரில் மேல்தளத்து அறை, மேற்குச் சுவர், பன்னிரண்டு அடி உயரக் கூரை, இந்த மூன்றில் இரண்டு இருந்தாலும் அடுத்த அளவுக்குப் போங்கள். எங்கள் அறை 130 சதுர அடிதான். ஒன்றரை டன் எடுத்தோம். அதற்காக இரண்டு டன் வேண்டாம். தேவைக்கு மேல் பெரிதானால் அறை சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரப்பதம் இறங்காது, உடம்பு பிசுபிசுக்கும்.

இதற்கு முன் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு அடித்தாலும் பரவாயில்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் வெப்பத்தை வாங்கி இரவெல்லாம் திருப்பித் தரும் ஊர் இது. நம் கூரையும் சேர்ந்து அதையே செய்ய வேண்டாம்.

6. வெளி யூனிட் எங்கே?

வடக்கு அல்லது கிழக்குச் சுவர். மேற்குச் சுவரும் மொட்டை மாடித் தரையும் கூடாது. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்துக்கொண்டிருந்தால் எங்கே கொட்டும்? கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு ஏசி குளிரவில்லை என்று புலம்புகிற வீடுகளில் முதலில் இதைப் பாருங்கள். பின்புறம் ஓரடி இடைவெளி, முன்புறம் முழுத் திறப்பு. தூசிக்குப் பயந்து பெட்டி கட்டி மூடாதீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக அனல் போகாதபடி திருப்பி வைக்கவும் வேண்டும். பொருத்தும் முன் அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சர்வீஸ்காரர் நிற்கவும் இடம் வேண்டும். ஏணி எட்டாத இடத்தில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் அதற்குத் தனிக் கூலி.

7. இப்போது கடைக்குப் போங்கள்

தை, மாசியில் போங்கள். சித்திரையில் போனால் விலையில் பேச முடியாது. பொருத்துகிறவர் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார், வந்தாலும் ஒரே நாளில் ஐந்து வீட்டுக்கு ஓடுகிறவராக இருப்பார். எங்கள் வீட்டில் பொருத்திய வேலை கெட்டதற்கு அதுவே காரணம்.

நான் வாங்கியபோது ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் 18 என்று இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திர விதிகள் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய சரக்கின் ஐந்து நட்சத்திரமும் புதியதன் ஐந்தும் ஒன்றல்ல. வில்லையில் உள்ள ஆண்டையும், மின்சிக்கனத்தை அளக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் ஒப்பிடுங்கள், எண் கூடினால் நல்லது. உள்ளே இருக்கும் சுருள் செம்பா அலுமினியமா என்றும் கேளுங்கள். செம்பு எடுங்கள்.

பில்லில் உள் யூனிட், வெளி யூனிட் இரண்டின் வரிசை எண்களும் இருக்க வேண்டும். 'பத்து ஆண்டு உத்தரவாதம்' என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். மற்ற பாகங்களுக்கு எத்தனை ஆண்டு, கேஸ் கசிவு அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். 'பொருத்துவது இலவசம்' என்பதில் ஸ்டாண்டு, ஓட்டை போடும் கூலி, கூடுதல் செம்புக் குழாய் எதுவும் சேராது.

8. பொருத்தும் நாள்: பக்கத்திலேயே நில்லுங்கள்

இரண்டரை, மூன்று மணி நேர வேலை. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஓட்டை. சுத்தியலும் உளியும் எடுத்தால் நிறுத்துங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஒரு கைப்பிடி இடத்துக்கு ஒரு கூடை பெயர்ந்துவிடும். வட்டமாகத் துளை அறுக்கும் கோர் இயந்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்களுக்கு 600 ரூபாய். ஓட்டை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நேர்மட்டமாகப் போட்டார்கள். வடிகுழாயில் தேங்கிய தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, இரண்டு வாரத்தில் அத்தையின் கட்டிலுக்கு மேலே பூச்சு ஊதியது. பூச்சும் பெயின்ட்டும் 2,400 ரூபாய். வேலை முடிந்ததும் உள் யூனிட்டின் தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது முழுதாக வெளியே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வெளி யூனிட்டின் ஸ்டாண்டுக்கும் பழைய சுவரில் நீளமான போல்ட் வேண்டும். குட்டை போல்ட் சாந்தில் மட்டும் நின்று, அதிர்வில் தளர்ந்துவிடும். உள் யூனிட் ஏழரை, எட்டு அடி உயரத்தில் இருக்கட்டும். கூரை உயரம் என்பதற்காகப் பதினோரு அடியில் மாட்டினால் மேலே உள்ள காற்றைத்தான் குளிர்விக்கும்.

செம்புக் குழாய் பெட்டியோடு வருவது மூன்று மீட்டர் அளவுதான். கூடுதலாகத் தேவைப்பட்ட இரண்டரை மீட்டருக்கு மீட்டர் 900 வீதம் 2,250 ரூபாய் கொடுத்தோம். பழைய குழாயைக் கொண்டுவந்து ஒட்டினால் ஏற்காதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குழாயை இணைத்த பிறகு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குறைந்தது பதினைந்து, இருபது நிமிடம். பிறகு மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று சிறிது நேரம் பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்யாமல், யூனிட்டில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்து விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு நன்றாகக் குளிரவும் செய்யும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அதோடு குழாய் முனையைச் சரியாக விரிக்காமல் நட்டை முறுக்கியதில் மூன்று வாரத்தில் கேஸ் முழுக்கக் கசிந்துபோனது. இரண்டாவதாக வந்தவர் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, அன்றைக்கு பம்ப் வைத்தார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். திரும்ப முனை விரித்து, வேக்குவம் எடுத்து, கேஸ் நிரப்ப 3,200 ரூபாய்.

ஆகவே ஆள் உள்ளே வந்ததும், "தம்பி, பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கொண்டுவரும்வரை வேலை தொடங்க வேண்டாம். கசிவை இணைப்புகளில் சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும். இப்போது வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடிய தன்மை கொண்டது. பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

ஸ்டாண்டு 900, பொருத்துக் கூலி 1,500. இரண்டுக்கும் ரசீது வாங்கினேன். பணம் கொடுக்கும் முன் ஏசியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பில், உத்தரவாத அட்டை, பொருத்திய அறிக்கை, இரண்டு யூனிட்டின் வரிசை எண் ஒட்டிகள் எல்லாவற்றையும் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். மை சீக்கிரம் மங்கிவிடுகிறது.

9. முதல் இரண்டு மாதம்

பொருத்திய அன்றைக்கு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துவையுங்கள். பிறகு வாரம் ஒருமுறை. 500ஐ நெருங்குவது முன்கூட்டியே தெரியும். 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதற்கும் கீழே போகத் தேவையில்லை. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ ஆறு சதவீத மின்சாரம் மிச்சம். நாங்கள் 27இல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுகிறோம். அத்தைக்கு அதுவே போர்வை கேட்கும் குளிர். இரண்டாவது கட்டணக் காலத்தில் 488 யூனிட்டோடு நின்றோம்.

ஸ்பிலிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காலையில் அணைத்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். உள் யூனிட்டின் தூசி வலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். ஆண்டு சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுங்கள்.

வீடு மாறும்போது கழற்றுகிறவரிடம், கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்த பிறகே குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். அடைக்காமல் கழற்றினால் புது வீட்டில் மறுபடியும் கேஸ் செலவு.

வடியும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. வீடு துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம். எங்கள் வடிகுழாயை இப்போது நீட்டி, புது எர்த் குழியின் வாயில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். மே மாதத்திலும் அந்தக் குழி ஈரமாகவே இருந்தது.